காலணாவும் அரைக் கப் காபியும்

ஒரு பழைய சிறுகதையை டி.வி.க்காக எடுக்கக் கிளம்புகிறவருக்கு முதல் எதிரி யார் தெரியுமா? எழுத்தாளரின் வாரிசு இல்லை. சேனல்காரர் இல்லை. கரண்ட் கம்பி.

எந்தத் தெருவில் கேமராவைத் திருப்பினாலும் குறுக்கே நாலு கம்பி போகும். கம்பியைத் தாண்டினால் கேபிள். கேபிளைத் தாண்டினால் மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றையும் தென்னை ஓலை வைத்து மறைத்து, அப்பாடா என்று நிமிர்ந்தால், 1935-ம் வருடத்து ஏழை விதவை அழகாகப் புருவம் திருத்திக்கொண்டு வந்து நிற்பார். தாத்தா வேடம் போட்டவரின் மணிக்கட்டில் வாட்ச் கட்டிய வெள்ளைத் தடம். கண்ணீர் வழிகிற குளோஸ்-அப்பில், எங்கோ ஒரு ஆட்டோ ஹார்ன்.

'பீரியட்' என்று சினிமாக்காரர்கள் செல்லமாக அழைக்கிற இந்த விவகாரம் பணம் தின்னும் பூதம். நான் படித்தது பி.காம். பத்திரிகைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும், எதைப் பார்த்தாலும் நடுவே ஒரு கோடு போட்டு இடதுபக்கம் பற்று, வலதுபக்கம் வரவு என்று எழுதிப் பார்க்கிற வியாதி மட்டும் போகவில்லை. பழைய கதைகளை டி.வி.யில் கொண்டுவருவதையும் அப்படித்தான் பார்க்கிறேன். பற்றுப் பக்கம் அனுமார் வால். அப்புறம் எப்படிச் சிலர் எடுத்தார்கள்?

'மால்குடி டேஸ்' ஞாபகம் இருக்கிறதா? எண்பதுகளின் பிற்பாதி. தூர்தர்ஷன். அந்த 'தானான தனனா' இசையைக் கேட்டால் இன்றைக்கும் நாற்பது தாண்டியவர்களின் முகத்தில் அரை டவுசர் வயசு வந்துவிடும். இசையமைத்தவர் நம்ம எல்.வைத்தியநாதன். டைட்டிலில் ஓடிய கோட்டோவியங்கள் எழுத்தாளரின் சொந்தத் தம்பி ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்தவை. இயக்கியவர் கன்னட நடிகர் சங்கர் நாக். 1990-ல் ஒரு சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு 35 வயதுதான்.

அந்தத் தொடரில் ஒரு வேடிக்கை உண்டு. யோசித்துப் பாருங்கள். எழுதியவர் ஆர்.கே.நாராயண், சென்னையில் பிறந்த தமிழர். எழுதியது ஆங்கிலத்தில். கதை நடக்கும் ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது. படம் எடுத்தது கர்நாடகத்தில், ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேயில். பேசியது ஹிந்தி. சாமிநாதன் என்று பெயர் வைத்துக்கொண்டு, குடுமி வைத்த வாத்தியாரிடம் ஹிந்தியில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான் பையன். ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாத நாங்கள் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு இடத்தில்கூட அது வேற்றூர்க் கதை என்று தோன்றியதே இல்லை. எப்படி?

பி.காம். பாஷையில் சொல்கிறேன். சிறுகதைத் தொடரின் பெரிய தலைவலி, வாரா வாரம் எல்லாம் புதுசு. புது வீடு, புது மனிதர்கள், புது அலமாரி. மெகா சீரியலுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்தால் அதிலேயே நாலு வருடம் அழலாம். அந்த சோபாவின் விலையை ஆயிரம் எபிசோடுக்குப் பங்கு போட்டுவிடலாம். சிறுகதையில் அது நடக்காது. போதாக்குறைக்கு, 'நாளை என்ன ஆகும்?' என்கிற தூண்டிலும் கிடையாது. கதை இன்றைக்கே முடிந்துவிடுகிறது. முடிந்துபோவதுதானே சிறுகதையின் அழகு? சேனல்காரர்களுக்கு முடிகிற எதுவும் பிடிக்காது.

மால்குடியில் இந்தக் கணக்கு தானாக நேரானது. நாராயண் எத்தனையோ கதை எழுதியிருக்கிறார். ஊர் ஒன்றுதான். அதே மார்க்கெட் ரோடு, அதே ஆல்பர்ட் மிஷன் ஸ்கூல், அதே சரயு நதி. எனவே சங்கர் நாக் ஒரு ஊரைத் தயார்செய்தால் போதுமாயிருந்தது. இந்த வாரம் மிட்டாய்க்கடை, அடுத்த வாரம் தபால்காரர். தெரு அதேதான். ஒரே முகம் வேறு வேறு வாரத்தில் வேறு வேறு ஆளாக வந்தது. ஆகும்பேயில் அவர்கள் படம் எடுத்த 'தொட்டமனே' என்கிற பெரிய வீட்டைப் பார்க்க இன்றும் ஜனங்கள் போகிறார்கள். ஷிமோகா பக்கத்து அரசாளு ரயில்வே ஸ்டேஷனில் 2020-ல் மால்குடி பெயரில் ஒரு மியூசியமே வைத்துவிட்டார்கள். இல்லாத ஊருக்கு ரயில்வே ஸ்டேஷன்! வரவுப் பக்கத்தில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எந்த ஆடிட்டரும் சொல்லித் தரவில்லை.

இதே நாராயணுக்கு முன்பு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 'தி கைடு' நாவலை 1965-ல் தேவ் ஆனந்த் ஹிந்திப் படமாக எடுத்தார். கதை நடக்கிற மாதிரியான இடங்களை நாராயண் மைசூர்ப் பக்கம் சுற்றிச் சுற்றிக் காட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் ரசித்துப் பார்த்துவிட்டு, ராஜஸ்தானுக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். அரண்மனை, ஏரி, கலர் கலராகத் தலைப்பாகை. படம் பிரமாதமாக ஓடியது. நாராயண் நொந்துபோய் அதைப்பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதியிருப்பார். ஆனால் படித்து முடித்தால் சிரிப்பு வராது. தன் ஊரை எங்கோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே என்கிற வலி அதில் இருக்கும்.

பெரிய பணம், பெரிய ஹீரோ, அகன்ற திரை. அங்கே ஊர் தொலைந்தது. சின்னப் பெட்டி, சின்ன பட்ஜெட். இங்கே ஊர் கிடைத்தது. காசு மட்டும் விஷயமில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

சரி, காசை விடுவோம். இதில் நிஜமான சிக்கல் வேறு.

'மால்குடி டேஸ்' தொகுப்பில் ஒரு கதை. 'மாதம் நாற்பத்தைந்து' என்று தமிழில் சொல்லலாம். வெங்கட்ராவ் ஒரு குமாஸ்தா. என் ஜாதி. பேரேட்டுக்குள் தலையை விட்டால் ராத்திரிதான் வெளியே வரும். சின்ன மகளைச் சாயங்காலம் சினிமாவுக்கு அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்துவிடுகிறார். குழந்தை நல்ல கவுன் போட்டுக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஆபீஸில் விடமாட்டேன் என்கிறார்கள். நாற்பது ரூபாய்க்கு என்னை மொத்தமாக விலைக்கு வாங்கிவிட்டீர்களா என்று கொதித்துப்போய் ராஜினாமாக் கடிதம் எழுதுகிறார் மனுஷன். கொடுக்கப் போகும்போது, சம்பளத்தில் ஐந்து ரூபாய் கூட்டியிருப்பதாகச் சேதி வருகிறது. கடிதம் பாக்கெட்டுக்குள் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்தால் குழந்தை அதே கவுனோடு தூங்கிக்கொண்டிருக்கிறது. இனிமேல் இவளை எங்கேயும் கூட்டிப் போகவே முடியாது போலிருக்கிறது, சம்பளத்தை ஏற்றிவிட்டார்களே என்று பெண்டாட்டியிடம் புலம்புகிறார். அவ்வளவுதான் கதை.

இதை எப்படி எடுப்பீர்கள்? சொல்லுங்கள். கவுன் தைத்துவிடலாம். பேரேடு கிடைக்கும். மேஜை, மைக்கூடு, தொங்கு விளக்கு, எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் ஐந்து ரூபாய் என்பது ஒரு மனுஷனின் கோபத்தை விலைக்கு வாங்கும் அளவுக்குப் பெரிய தொகையாக இருந்த காலம் ஒன்று உண்டே, அதை எந்தக் கடையில் வாடகைக்கு எடுப்பீர்கள்? இன்றைக்குப் பார்க்கிறவர், 'ஐந்து ரூபாய்க்கா இந்தப் பாடு?' என்று ரிமோட்டை எடுத்துவிட்டால் கதை செத்தது. அது பெரிய தொகை என்று வசனத்தில் சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் வாழ்கிற எவனும், 'இது அந்தக் காலத்தில் பெரிய தொகையாக்கும்' என்று சொல்லிக்கொண்டு திரிவதில்லை. அந்த ஐந்து ரூபாயைக் கேட்டதும் வெங்கட்ராவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, அந்த வெளிச்சத்துக்காக அவரே அவமானப்பட வேண்டும். நடிகர் கிடைக்க வேண்டும். இயக்குநருக்குக் காத்திருக்கத் தெரிய வேண்டும். பீரியட் என்பது இதுதான். சட்டை இல்லை.

வங்காளத்தில் இதற்கு ஒரு பாடமே நடத்தியிருக்கிறார் சத்யஜித் ராய். தாகூர் 1901-ல் எழுதிய 'நஷ்டநீட்' கதையை 1964-ல் 'சாருலதா' என்று படமாக எடுத்தார். சாரு என்கிற பெண் பெரிய வீட்டுக்குள் தனியாக இருக்கிறாள் என்பதைச் சொல்ல வேண்டும். ராய் என்ன செய்தார்? முதல் சில நிமிடங்களுக்கு அநேகமாக வசனமே இல்லை. அந்தப் பெண் நாடகக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய்த் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். அப்புறம், தன்னைக் கவனிக்காமல் கடந்து போகிற சொந்தப் புருஷனையும் அதே கண்ணாடி வழியே பார்க்கிறாள். முடிந்தது. பத்துப் பக்க விஷயம் கண்ணாடிக்குள் வந்துவிட்டது. இந்தக் காட்சி தாகூரின் கதையில் கிடையாது. ஆனால் தாகூர் சொன்னது அதுதான்.

முடிவும் அப்படியே. கதையில் புருஷன் பூபதிக்கு மைசூரில் ஒரு பத்திரிகையில் வேலை கிடைக்கிறது. (பாருங்கள், சுற்றிச் சுற்றி மைசூருக்கே வருகிறோம்.) என்னையும் கூட்டிப் போங்கள் என்கிறாள் சாரு. அவன் தயங்குகிறான். அப்புறம் மனசு மாறி, சரி வா என்கிறான். அவள் வேண்டாமென்று சொல்லிவிடுகிறாள். ராய் மைசூரை விட்டுவிட்டார். இரண்டு கைகள் ஒன்றையொன்று நோக்கி நீளுகின்றன, தொடுவதற்குள் படம் அப்படியே உறைந்து நிற்கிறது. மூலத்தை மாற்றிவிட்டார் என்று வங்காளத்தில் புகார் எழுந்தது. ராய் நீளமாக ஒரு பதில் கட்டுரை எழுதினார்.

ஆக, மாற்றலாம். இடம் மாற்றலாம், காட்சி சேர்க்கலாம், முடிவின் உருவத்தைக்கூட மாற்றலாம். எதை மாற்றக் கூடாது என்பதுதான் கேள்வி.

தாகூரைப் பற்றிப் பேசும்போது சட்டத்தையும் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம். நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்து 50 வருடம்வரைதான் காப்புரிமை என்று இருந்தது. தாகூர் மறைந்தது 1941. ஐம்பது முடிகிற நேரத்தில், ஐயையோ, தாகூர் பொதுச்சொத்து ஆகப்போகிறாரே என்று அவசர அவசரமாகச் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள். உரிமை விஸ்வபாரதியிடம் இன்னும் பத்து வருடம் இருந்தது. 2001-ம் வருடத்தோடு அதுவும் முடிந்தது. 2015-ல் எபிக் சேனலுக்காக அனுராக் பாசு தாகூர் கதைகளை ஹிந்தித் தொடராக்கினார். 26 எபிசோடுகள். 'சோக்கேர் பாலி'யில் ராதிகா ஆப்தே விநோதினியாக வந்து கலக்கினார். சில இடங்களில் வெளிச்சம் ரொம்பவே அழகாக விழுகிறது, ஏழையின் வீடுகூட ஃபோட்டோ ஸ்டூடியோ மாதிரி இருக்கிறது என்று எனக்கு ஒரு குறை. ஆனாலும் வங்காளி அல்லாத ஒரு புதுத் தலைமுறைக்கு அந்தக் கதைகள் போய்ச் சேர்ந்தன. மூலப்பொருளுக்கு அவர்கள் கொடுத்த விலை, சட்டப்படி, பூஜ்யம்.

பூஜ்யம் என்கிற எண்ணைப் பார்த்ததும் எனக்குள் இருக்கும் பி.காம். எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

புதுமைப்பித்தன் மறைந்தது 1948. கு.ப.ராஜகோபாலன் 1944. இரண்டு பேருக்கும் அறுபது வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. உலகத் தரம் என்று நாம் மேடைக்கு மேடை பேசுகிற கதைகள். காலணா ராயல்டி கிடையாது. எடுத்துக்கொள் என்று வாசலில் கிடக்கின்றன. தமிழில் பாலுமகேந்திரா சன் டி.வி.யில் 'கதை நேரம்' செய்தார். 52 சிறுகதைகள். ஒவ்வொன்றும் அரை மணிக்குள். இன்றைக்கும் மனசில் நிற்கிறது. ஆனால் அவருக்குப் பிறகு?

சில வருடங்களுக்கு முன் ஒரு சேனலிலிருந்து அழைப்பு வந்தது. பழைய கதைகளை வாரம் ஒன்றாகச் செய்யலாம் என்று ஒரு யோசனை, நீங்கள் பட்டியல் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியுமாவா? பதின்மூன்று கதை. கூடவே, கேட்காமலே, ஒரு செலவுப் பட்டியலும் தயாரித்தேன். எந்தெந்தக் கதைகளை ஒரே தெருவில் எடுக்கலாம், எந்த வீட்டின் திண்ணையை மூன்று கதைக்குப் பயன்படுத்தலாம், ஜட்கா வண்டி எத்தனை நாள் வேண்டும், குதிரைக்கு விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி எப்போது வாங்க வேண்டும் என்பதுவரை. மால்குடி ஃபார்முலாதான்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் நல்ல பிள்ளை. முப்பது வயசு இருக்கும். நிஜமாகவே அக்கறையோடு படித்துக்கொண்டு வந்திருந்தார். முதல் கதை புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்'. 1934-ல் எழுதியது. தெரிந்திருக்கும் உங்களுக்கு. அம்மாளு மில் கூலி. புருஷன் ஜட்கா ஓட்டுகிறவன். அடிபட்டுக் கிடக்கிறான். பால் கஞ்சி கேட்கிறான். கையில் காசில்லை. இருட்டுச் சந்தில் ஒருத்தன் காத்திருக்கிறான். அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதித்துக்கொண்டு திரும்புகிறாள்.

"சார், ஃபென்டாஸ்டிக் ஸ்டோரி சார். ராத்திரி தூங்கவே இல்லை" என்றார். சந்தோஷமாக இருந்தது.

"ஒரே ஒரு சின்ன விஷயம் சார். நம்ம ஸ்லாட் ஞாயித்துக்கெழமை சாயங்காலம். ஃபேமிலி ஆடியன்ஸ். அந்தச் சந்துல அவங்களுக்கு ஒரு பர்ஸ் கெடைக்கற மாதிரி வெச்சுக்கலாமா?"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுல கரெக்டா முக்கால் ரூபா இருக்கும் சார். ஒரிஜினலை நாம டச் பண்ணல."

சிரித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கிண்டல் செய்யவில்லை. கதையைக் காப்பாற்ற முயற்சி செய்கிறார். ஜட்காவுக்குச் சம்மதம், குதிரைக்குச் சம்மதம், ஹரிக்கேன் விளக்குக்குச் சம்மதம். தெருவில் போடுவதற்கு அந்தக் காலத்து சினிமா போஸ்டர்கூட அச்சடித்துத் தரத் தயார். அந்த முக்கால் ரூபாய் எப்படி வந்தது என்பதை மட்டும் மாற்றிவிட்டால் போதும்.

1981-ல் தூர்தர்ஷனுக்காக ராய் எடுத்த 'சத்கதி'யை அவருக்குச் சொன்னேன். பிரேம்சந்த் கதை. துக்கி என்கிற தாழ்த்தப்பட்ட கூலி, மகள் கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிப் பண்டிதர் வீட்டு வாசலுக்குப் போகிறான். வெறும் வயிற்றோடு விறகு பிளக்கச் சொல்கிறார் பண்டிதர். பிளந்து பிளந்து அங்கேயே செத்து விழுகிறான். பிணத்தை எடுக்க யாரும் வரவில்லை. பண்டிதர் கயிற்றை மாட்டி, தீட்டுப் படாமல் இழுத்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே போடுகிறார். ஓம் புரி, ஸ்மிதா பாட்டீல் நடித்தது. அரசாங்க டி.வி. வீட்டுக்கு வீடு கூடத்தில் வைத்துப் பார்த்த பெட்டி. ராய் அந்தக் கயிற்றை எடுக்கவில்லை. விறகுக்குப் பதில் வேறு ஏதாவது லேசான வேலை கொடுக்கலாமா என்று யோசிக்கவில்லை.

"அது ராய் சார்" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

ஃபைலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதின்மூன்று கதையும் இன்னும் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே ரேட்டிங் என்று ஒரு சாமி. ஆனால் எதை மாற்றக் கூடாது என்கிற கேள்விக்கு அவர்தான் எனக்கு விடை சொல்லித் தந்தார். ஒரு கதையில், அதை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும் என்று ஒரு இடம் வரும் பாருங்கள். அதுதான் கதை. மற்றதெல்லாம் ஜட்கா.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? புத்தகம்தான் இருக்கிறதே, படித்துக்கொள்ளட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பேன், என் அம்மாவுக்குக் கண் போகாமல் இருந்திருந்தால்.

அம்மாவுக்கு இப்போது 78. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்த தலைமுறை. சமையல் கட்டில் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் புத்தகம். சாம்பார் தீய்ந்தால், அன்றைக்குக் கதை நன்றாக இருந்தது என்று அர்த்தம். ஐந்து வருடத்துக்கு முன்னால் மாகுலர் டீஜெனரேஷன் என்றார் டாக்டர். பார்வையின் நடுப்பகுதி மட்டும் அழிந்துபோகும். ஓரத்தில் தெரியும். எதிரே நிற்கிறவரின் சட்டை தெரியும், முகம் தெரியாது. எழுத்து சுத்தமாகத் தெரியாது. மருந்து போட்டு வேகத்தைக் குறைக்கலாம், போனது வராது என்றார்.

வாழ்நாள் முழுக்க வாசித்த பெண்மணிக்கு இப்போது மிஞ்சியிருப்பது டி.வி. ராத்திரி வரிசையாக சீரியல். அதைப் பார்ப்பதுகூட இல்லை, கேட்கிறாள். "தடதடன்னு தகரத்தைத் தட்டறான் பாரு, வில்லி வந்துட்டா" என்பாள். "இப்ப மூணு தரம் அடிப்பான். மூணு பேரு மூஞ்சியக் காட்டறான்னு அர்த்தம்." முகம் தெரியாதவளுக்கு முகத்தையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கிறது டி.வி.

ஒருநாள் பென் டிரைவில் 'மால்குடி டேஸ்' போட்டேன். இசை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாட்டு வண்டிச் சத்தம், பள்ளிக்கூட மணி, கிணற்று ராட்டினம் எல்லாவற்றையும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச ஆரம்பித்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"ஹிந்தியாடா?"

"ஆமாம்மா. கீழ இங்கிலீஷ்ல போடறான்."

"அதப் படிக்கக் கண்ணு இருந்தா நான் கதையவே படிச்சுட்டுப் போறேனே" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "இதை நம்ம பாஷையில யாரும் எடுக்கலியா?" என்றாள்.

இந்த வயசில், இந்தக் கண்ணோடு, எத்தனை வீட்டில் எத்தனை அம்மா, எத்தனை அப்பா? இன்னொரு பக்கம், தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பேரப்பிள்ளைகள். இரண்டு பேருக்கும் புத்தகம் மூடித்தான் கிடக்கிறது. இருவரும் சேர்ந்து உட்காருகிற இடம் ஒன்றே ஒன்று. கூடத்தில், அந்தப் பெட்டிக்கு எதிரே. அங்கே கு.ப.ரா. வரவில்லை என்றால் அவர்களைப் பொறுத்தவரை அவர் எழுதவே இல்லை.

இப்போதெல்லாம் தினம் ராத்திரி நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். போன மாதம் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. மதராஸ் பிராட்வே முனையில் கந்தசாமிப் பிள்ளை நின்றுகொண்டு தீவிரமாகக் கணக்குப் போடுவாரே, டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்குப் போடலாம், பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரை ஏமாற்றினால் அரைக் கப் காபி உண்டு, வெற்றிலை கிடையாது என்று. அந்த இடத்தில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் கொள்ளுத் தாத்தா அப்படித்தானாம். அவரோடு அஞ்சு வயசில் டிராமில் போயிருக்கிறாளாம். "இறங்கறச்சே காசை எண்ணுவார்டா. எண்ணிட்டு மேல பார்த்து யோசிப்பார். எனக்கு கமர்கட்டா, அவருக்கு பொடியான்னு. எனக்கு உசிரே போயிடும்."

எனக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. என் செலவுப் பட்டியலில் இந்தக் கதைக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். டிராமுக்கு எங்கே போவது? மதராஸில் 1953-லேயே டிராமை மூடிவிட்டார்கள். செட் போட்டால் பட்ஜெட் எகிறும். கம்ப்யூட்டரில் செய்தால் பொம்மை மாதிரி இருக்கும். இந்த ஒரு டிராமால் பதின்மூன்றும் கவிழ்ந்துவிடுமோ என்றுதான் அந்தக் கேள்விக்குறி.

டிராமே வேண்டாம். தெரு முனையில் ஒரு சுவர். அதன் ஓரத்தில் ஒரு மனிதர். உள்ளங்கையில் சில்லறை. வெற்றிலையா காபியா என்று வானத்தைப் பார்த்து யோசிக்கிற ஒரு முகம். பின்னால் எங்கோ டிங் டிங்கென்று மணி அடித்துக்கொண்டு ஏதோ ஒன்று போகிற சத்தம். இவ்வளவு போதும். செலவு, சொல்லப்போனால், ஒரு நல்ல நடிகரும் ஒரு மணியும்.

சேனல் நடத்துகிற பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. பட்டியல் தயாராக இருக்கிறது. மூலப்பொருள் இலவசம். கடவுளையே ஆயுள் சந்தா கட்டவைத்த கதை இது, உங்களுக்கு விளம்பரதாரர் கிடைக்கமாட்டாரா? கரண்ட் கம்பியை மறைக்கிற வேலையை நீங்கள் பாருங்கள். சந்தில் மட்டும் பர்ஸைப் போடாதீர்கள்.